கைகாரர்

கண்ணாடிக் கடையில் அவருக்கு வேலை பின்பக்கம் பாதி, முன்பக்கம் பாதி. பின்னறையில் மெஷின் முன்னால் உட்கார்ந்து, வட்டமாக வந்திறங்கும் லென்ஸைப் பிரேமின் வடிவத்துக்குத் தேய்ப்பார். பிறகு முன்பக்கம் வந்து அதை வாடிக்கையாளர் முகத்தில் மாட்டி, காதுக் கம்பியைச் சூடுகாட்டி வளைத்து, மூக்கில் ஒழுங்காக உட்காருகிறதா என்று பார்ப்பார். நாள் முழுக்க யாராவது ஒருவர் முகம் அவர் முகத்துக்கு ஒரு சாண் தூரத்தில் இருக்கும். ஆனாலும் பேச்சு வராது. "வலிக்குதா?", "தெளிவா தெரியுதா?" என்ற இரண்டு கேள்விகளிலேயே பாதி ஆயுசை ஓட்டிவிட்டார். வீட்டிலும் அதே கதைதான். அவர் மனைவி ஆஸ்பத்திரி வரவேற்பில் இருப்பவள்; அவர் பேசாததையும் சேர்த்து அவளே பேசிவிடுவாள்.

இடது கைச் சுண்டுவிரல் அவருக்கு நிமிராது. சின்ன வயதில் பஸ் கதவில் நசுங்கியது. கொக்கி மாதிரி வளைந்தே நிற்கும். வேலைக்கு அது இடைஞ்சல் இல்லை, அதைப் பற்றி யாரும் கேட்டதும் இல்லை.

அவருக்கு இருந்த ஒரே பைத்தியம் ஒரு சினிமா டைரக்டர். அந்த டைரக்டர் எடுத்தது மொத்தம் மூன்று படம். மூன்றும் வந்த வேகத்தில் பெட்டிக்குள் போனவை. மூன்றாவதை இவர் தன் கல்யாணத்துக்கு முன்னால், பாதி காலியாக இருந்த ஒரு தியேட்டரில் பார்த்தார். இடைவேளையில் மீதிப் பாதியும் எழுந்து போய்விட்டது. கடைசிக் காட்சியில் ஒருவன் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வீட்டைவிட்டுப் போகிறான். கேமரா அவன் பின்னால் போகவில்லை. தவழும் குழந்தையின் கண் உயரத்தில் தரையோடு கிடக்கிறது. பாதி திறந்த கதவுக்குள்ளிருந்து ஒரு கை மட்டும் வெளியே வருகிறது. முழுக்கைச் சட்டையின் நுனி, மணிக்கட்டு, விரல்கள். கூப்பிடப் போகிறது என்று நினைப்போம். கூப்பிடாது. சுண்டுவிரல் மடங்கியபடி இருக்க மற்ற விரல்கள் விரிந்து, கொஞ்சம் தயங்கி, கதவை உள்ளே இழுத்துக்கொள்ளும். படம் முடிந்தது. அது ஆணின் கையா, பெண்ணின் கையா என்றுகூடத் தெரியாது.

அன்றைக்கு அவர் தன் பஸ் ஸ்டாப்பைத் தாண்டி வெகுதூரம் நடந்துபோய்விட்டார். அந்தப் படத்தைப் பார்த்த இன்னொரு ஆளை அதற்குப் பிறகு பல வருஷம் அவர் சந்திக்கவே இல்லை.

பிறகு ஒரு நாள் மூக்குக்கண்ணாடியைச் சரிசெய்ய வந்த ஒரு பெண்ணின் டி-ஷர்ட்டில் அந்தக் கை இருந்தது. கறுப்பில் வெள்ளைக் கோடாக, கதவும் விரல்களும். காதுக் கம்பியைப் பிடித்தபடி அவர் அப்படியே நின்றுவிட்டார்.

"இது... அந்தப் படம்தானே?"

"நீங்க பார்த்திருக்கீங்களா?" அவள் நாற்காலியிலிருந்து எழுந்தேவிட்டாள். "தியேட்டர்லயா? நிஜமாவா? எங்க கூட்டத்துல தியேட்டர்ல பார்த்தவங்க ஒருத்தர்கூட இல்லையே!"

அவள் இன்சூரன்ஸ் கம்பெனியில் வேலை பார்ப்பவள். அந்த ரசிகர் கூட்டத்தைக் கட்டி மேய்ப்பவளும் அவளே. எல்லோரும் அவளை 'செக்ரட்டரி' என்றுதான் கூப்பிட்டார்கள். தேய்ந்துபோன வீடியோ காப்பிகளிலிருந்து கைமாறிக் கைமாறி, அந்த மூன்று படங்களும் அவர் அறியாமலேயே ஒரு தலைமுறைக்குப் போய்ச் சேர்ந்திருந்தன. மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, மூடிக்கிடந்த ஒரு டான்ஸ் ஸ்கூலின் ஹாலில் கூடினார்கள். அந்த வாரமே அவரையும் அழைத்துப்போனாள்.

அங்கே அவருக்குத் தலைசுற்றியது. எல்லோரும் அவருடைய பிள்ளைகள் வயது. எல்லோரும் பேசினார்கள். டைரக்டர் ஏன் முக்கியமான செய்தியைச் சொல்கிறவன் முகத்தைக் காட்டுவதே இல்லை, ஏன் பிடரியையும் காலையுமே காட்டுகிறார் என்று ஒருவன் பேசினான். சின்ன வயதில் வீட்டில் ரேடியோ இல்லாமல் பக்கத்து வீட்டு ரேடியோ நாடகத்தைச் சுவர் வழியாகக் கேட்டே வளர்ந்தவர், அதனால்தான் அவர் படங்களில் சண்டையெல்லாம் அடுத்த அறையில் நடக்கிறது என்று ஒருத்தி சொன்னாள். இல்லை, அவர் அப்பா போலீசுக்காக விபத்துப் படம் எடுத்தவர், தரையிலிருந்து பார்க்கும் அந்தக் கேமரா அங்கேயிருந்து வந்தது என்று இன்னொருவன் மல்லுக்கு நின்றான். ஊமைப்பட காமெடிகளைப் போட்டுக் காட்டி, இந்தக் கதவு அங்கேயிருந்து எடுத்தது, அந்தத் தடுமாற்றம் இங்கேயிருந்து எடுத்தது என்றார்கள். ஒருவன் தோளில் அந்தக் கையைப் பச்சை குத்தியிருந்தான். கடைசிக் காட்சி திரையில் வந்தபோது ஹாலில் இருந்த அத்தனை பேரும் இடது கையை நீட்டி, இல்லாத கதவு ஒன்றை இழுத்துச் சாத்தினார்கள்.

இவரும் நீட்டினார்.

"அண்ணே!" பச்சை குத்தியவன் அவர் கையைப் பிடித்தான். "உங்க சுண்டுவிரலு! அப்படியே அந்தக் கை மாதிரியே இருக்கே?"

சுற்றியிருந்தவர்கள் திரும்பினார்கள். அவ்வளவு நேரமும் ஒரு வார்த்தை பேச வழியில்லாமல் ஓரத்தில் நின்ற மனிதரை அத்தனை கண்களும் பார்த்தன. 'இல்லப்பா, இது பஸ்ஸில் நசுங்கியது' என்று சொல்ல வாயைத் திறந்தார். திறந்த வாய் சிரித்தது.

"அதெல்லாம் எதுக்கு இப்போ," என்றார்.

அவர் சொன்னது அவ்வளவுதான். செக்ரட்டரி கையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

அடுத்த மாதம் அவருக்கென்று முன்வரிசையில் ஒரு நாற்காலி போட்டிருந்தது. கேட்டுக் கேட்டே கதையை அவர்கள் வரவழைத்தார்கள். ஷூட்டிங் நடந்த தெருவில்தான் அப்போது அவர் வேலை பார்த்த கடை. டைரக்டரின் கண்ணாடி உடைந்து கடைக்கு வந்தார். மெஷினில் உட்கார்ந்திருந்த இளைஞனின் கையைப் பார்த்தார். பார்த்துக்கொண்டே இருந்தார். "சாயங்காலம் அரை மணி நேரம் வர்றியா?" என்றார். ஒவ்வொரு தடவையும் ஒரு துண்டு கூடியது. பிறவியில் பேச்சே வராத மனிதருக்கு இந்த ஒரு கதை மட்டும் சரளமாக வந்தது. செக்ரட்டரி அதைக் கூட்டத்தின் இணையப் பக்கத்தில் எழுதிப் போட்டாள். அவருக்குக் 'கைகாரர்' என்று பேரும் வைத்தார்கள். பாசமாகத்தான் வைத்தார்கள். ஆனால் அந்தச் சொல்லுக்கு ஊரில் இருக்கும் இன்னொரு அர்த்தம், ஆளை ஏய்க்கிற கெட்டிக்காரன் என்பது, கூப்பிடும்போதெல்லாம் அவர் காதில் மட்டும் தனியாக விழுந்தது.

வெட்கம் அப்போதே ஆரம்பித்துவிட்டது. கடையில் இடது கையைப் பாக்கெட்டில் போட்டுக்கொள்ளும் பழக்கம் வந்தது. ஆனால் கூட்டத்து ஞாயிற்றுக்கிழமை வந்தால் சட்டையை இஸ்திரி போட்டு மாட்டிக்கொண்டு கிளம்பிவிடுவார். மனைவிக்கோ தலைகால் புரியவில்லை. "இத்தனை வருஷம் கூட இருந்தேன், என்கிட்ட ஒரு வார்த்தை சொன்னதில்ல பாருங்க! சரியான அமுக்குணி!" என்று அண்ணனிலிருந்து ஆஸ்பத்திரி டாக்டர் வரைக்கும் சொல்லி மாய்ந்தாள்.

இப்படியே மூன்று வருஷம் போயிருக்கும். ஒரு நாள் செக்ரட்டரி மூச்சிரைக்கக் கடைக்குள் ஓடிவந்தாள்.

"டைரக்டரைக் கண்டுபிடிச்சாச்சு! உயிரோடதான் இருக்கார். சம்சாரத்தோட ஊர் எல்லையில ஒரு ஃபிளாட்ல. அடுத்த கூட்டத்துக்கு வர்றேன்னுட்டார். அண்ணே, உங்களை அவர் பக்கத்துல நிறுத்தி..."

அதற்கு மேல் அவள் சொன்னது எதுவும் அவர் காதில் ஏறவில்லை. அன்றைக்கு ஒரு லென்ஸைத் தேய்த்துப் பாழாக்கினார்.

கூட்டத்து நாளன்று காய்ச்சல் என்று படுத்துக்கொண்டார். மனைவி நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள். "காய்ச்சலாவது கீய்ச்சலாவது! ஐஸ் மாதிரி இருக்கு. எழுந்திருங்க. நான் புதுச் சேலை கட்டியாச்சு."

டைரக்டர் மெலிந்து, உயரமாக, காலர் பெரிதாகத் தெரியும் கோட்டு ஒன்றில் வந்திருந்தார். பக்கத்தில் அவர் மனைவி, முழுக்கை ஸ்வெட்டரில், மடியில் கைப்பையை வைத்துக்கொண்டு. டைரக்டர் படங்களைப் பற்றி அழகாகப் பேசினார். பக்கத்து வீட்டு ரேடியோவைப் பற்றிச் சொன்னபோது ஹாலே கைதட்டியது. பிறகு செக்ரட்டரி மைக்கை வாங்கி, "சார், உங்களுக்கு ஒரு பழைய ஆளைக் காட்டப்போறோம்," என்றாள்.

இவர் மேடையின் நான்கு படிகளில் ஏறினார். கீழே முதல் வரிசையில் மனைவி போனைத் தூக்கிப் பிடித்துக்கொண்டிருந்தாள். இப்போது இந்த மனிதர் 'யார் இவன்?' என்று கேட்பார், அத்தோடு எல்லாம் முடிந்துவிடும் என்று நினைத்தார். ஒருவகையில் முடிந்தால் தேவலை என்றும் இருந்தது.

டைரக்டர் அவர் இடது கையைத் தன் இரண்டு கைகளிலும் வாங்கினார். திருப்பிப் பார்த்தார். வளைந்த விரலைத் தடவினார். பிறகு மைக்கில் சொன்னார்: "ஆமா. இந்தக் கைதான். என் கண்ணாடி உடைஞ்சு போய் ஒரு கடைக்குப் போனேன். மெஷின்ல ஒரு பையன் உட்கார்ந்திருந்தான். அவன் கையையே பார்த்துக்கிட்டிருந்தேன். சாயங்காலம் அரை மணி நேரம் வர்றியான்னு கேட்டேன்."

ஒரு வார்த்தை பிசகவில்லை. ஹாலில் பாதிப் பேர் அழுதார்கள். பெரிய மனிதர், கூட்டத்துக்கு நடுவில் தன்னைக் காட்டிக்கொடுக்காமல் காப்பாற்றிவிட்டார் என்று நினைத்து இவரும் அழுதார்.

கூட்டம் கலைந்த பிறகு, பக்கத்து அறையில் டைரக்டருக்கும் மனைவிக்கும் டீ கொடுத்தார்கள். இவர் தயங்கித் தயங்கி உள்ளே போனார். டைரக்டரின் காதருகே குனிந்து, "சார், இந்த உதவியை நான் மறக்கவே மாட்டேன்," என்றார்.

"எந்த உதவி?" என்று டைரக்டர் மனைவியைப் பார்த்தார்.

அந்த அம்மாள் கோப்பையைக் கீழே வைத்தார். "உங்க கோட்டு வெளிய நாற்காலியிலயே இருக்கு பாருங்க. எடுத்துட்டு வாங்களேன்," என்று கணவரை அனுப்பினார். அவர் போனதும் இவரைப் பார்த்தார். கோபம் இல்லாத முகம். கோபித்திருந்தாலாவது தாங்கியிருக்கலாம்.

"அவர் உங்களைக் காப்பாத்தினதா நினைக்கிறீங்களா? அவர் நம்பறார்ங்க."

இவருக்குப் புரியவில்லை.

"ரெண்டு வருஷமா ஞாபகம் நழுவுது. பழசெல்லாம் போயிட்டிருக்கு. நீங்கள்லாம் எழுதுறதைத்தான் தினம் காலையில உட்கார்ந்து படிக்கிறார். படிச்சுப் படிச்சு, அதுதான் நடந்ததுன்னு வெச்சிருக்கார். ரேடியோ நிஜம். கண்ணாடி உடைஞ்சது..." அந்த அம்மாள் நிறுத்தினார். "அவர் கண்ணாடி போட ஆரம்பிச்சதே அந்தப் படத்துக்கு அப்புறம்தான்."

பிறகு ஸ்வெட்டர் கையைக் கொஞ்சம் மேலே தள்ளி, இடது கையை மேஜைமேல் வைத்தார். சுண்டுவிரல் வளைந்திருந்தது.

"தையல் மெஷின் பெல்ட்ல மாட்டிக்கிட்டது. காஸ்ட்யூமெல்லாம் நான்தான் தைப்பேன். அன்னிக்கு நடிக்க வேண்டிய பொண்ணு வரலை. முந்தின நாள் எனக்கும் அவருக்கும் பெரிய சண்டை. பேச்சு வார்த்தையே இல்லை. 'நீ வந்து கதவைச் சாத்து'ன்னார். எப்படிச் சாத்தணும்னு கேட்கக்கூட எனக்குப் பிடிக்கலை. நானா சாத்தினேன். 'இனிமே இப்படி ஒண்ணு எடுக்க முடியாது'ன்னு சொல்லிட்டு அவர் அங்கேயே தரையில உட்கார்ந்துட்டார். அதுக்கப்புறம் படமே எடுக்கலை." கையை மெதுவாக மடிக்குள் எடுத்துக்கொண்டார். "போன வருஷம் வரைக்கும் அந்த சீன் வந்தா என் விரலைத் தொடுவார்."



"கைகாரர்னு பேர் வெச்சிருக்காங்களாமே," என்றார் அந்த அம்மாள். கதவருகே கணவர் கோட்டோடு வந்துவிட்டதைப் பார்த்து எழுந்துகொண்டார்.

வீட்டுக்குப் போகும் வழியெல்லாம் மனைவி வீடியோவைத் திருப்பித் திருப்பிப் போட்டுக் கேட்டாள். 'ஆமா. இந்தக் கைதான்.' பஸ்ஸில் பக்கத்து சீட்டுக்காரருக்கும் காட்டினாள். இவர் ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

ஒரு பொய் சொன்னோம் என்பதைத் தாங்கிக்கொண்டு இத்தனை நாள் இருந்துவிட்டார். இது வேறு. ஒரு கிழவரின் தலைக்குள் புகுந்து, அவர் மனைவி இருந்த இடத்தில் தான் போய் உட்கார்ந்துகொண்டது மாதிரி இருந்தது. குளிக்கும்போது நினைவு வந்தால் தண்ணீரை ஊற்றாமல் நின்றுவிடுவார். மெஷினில் இருக்கும்போது, "சே!" என்று வாய்விட்டுச் சொல்லிவிடுவார். முதலாளி எட்டிப் பார்ப்பார்.

கடைக்கு லீவு போட்டுவிட்டு ஒரு மத்தியானம் டைரக்டர் வீட்டுக்குப் போனார். டைரக்டரே கதவைத் திறந்தார். "வா வா வா! என் கை வந்துடுச்சு!" என்று உள்ளே பார்த்துக் குரல் கொடுத்தார். சின்ன அறை. ஜன்னலோரம் தையல் மெஷின், அதன்மேல் மருந்துப் பெட்டிகள்.

இவர் உட்காரவில்லை. நின்றபடியே எல்லாவற்றையும் கொட்டினார். தான் ஷூட்டிங் பக்கமே போனதில்லை, கையைக் கேட்டபோது இல்லை என்று சொல்ல வாய் வரவில்லை, மற்றதெல்லாம் கற்பனை, அது இந்த அம்மாவின் கை.

டைரக்டரின் முகத்திலிருந்து சிரிப்பு கொஞ்சம் கொஞ்சமாகப் போனது. அங்கே வந்தது பயம். "அப்போ... நான் மேடையில சொன்னது?" என்றார். "அத்தனை பேர் முன்னாடி சொன்னேனே. நான் பொய் சொன்னேனா?" மனைவியைத் தேடிக் கை நீட்டினார். "இவன் என்னமோ சொல்றான். எனக்கு நல்லா ஞாபகம் இருக்கே. கடை ஞாபகம் இருக்கு. மெஷின் சத்தம் ஞாபகம் இருக்கு. அதுவும் இல்லைன்னா, அப்போ என்னதான் இருந்தது?"

"ஒண்ணும் இல்லை, உட்காருங்க," என்று அந்த அம்மாள் அவர் தோளைப் பிடித்து உட்காரவைத்தார். முதுகைத் தடவிக்கொண்டே இருந்தார். சிறிது நேரம் போனதும் டைரக்டர் நிமிர்ந்து பார்த்து, முகம் மலர்ந்து, "எப்போ வந்தே? கடையில அந்த மெஷின் இன்னும் ஓடுதா?" என்று கேட்டார்.

"ஓடுது சார்," என்றார் இவர்.

வாசல்வரை வந்த அந்த அம்மாள் தாழ்ந்த குரலில் சொன்னார்: "இவர்கிட்ட சொல்லி உங்க மனசைக் கழுவிக்கிட்டீங்க. இன்னிக்குச் சாப்பிட மாட்டார், ஏன்னு அவருக்கே தெரியாது. சொல்றதா இருந்தா சொல்ல வேண்டியவங்ககிட்ட சொல்லுங்க."



முதலில் மனைவியிடம் சொன்னார். அவள் துணி மடித்துக்கொண்டிருந்தாள். கடைசிவரை கேட்டாள். வாழ்க்கையிலேயே முதல்தடவையாக அவள் பேசவில்லை. மடித்த துணியைத் திரும்பப் பிரித்து, மறுபடி மடித்தாள். பிறகு, "எங்க அண்ணன்கிட்ட நீங்க சொல்றீங்களா, நான் சொல்லணுமா?" என்று மட்டும் கேட்டாள்.

"நானே சொல்றேன்."

"சொல்லுங்க. ஆஸ்பத்திரியில எல்லார்கிட்டயும் நான் பார்த்துக்கிறேன்."

அடுத்த ஞாயிற்றுக்கிழமை ஹாலில் எழுந்து நின்று சொன்னபோது முதலில் சிரித்தார்கள். அடக்கம், தன்னடக்கம் என்றார்கள். டைரக்டரே சொல்லியாச்சு, அதற்கு மேல் என்ன என்றார்கள். டைரக்டரின் நிலைமையைச் சொல்லவேண்டியிருந்தது. அதைச் சொன்னது தன் பொய்யைச் சொன்னதைவிடக் கஷ்டமாக இருந்தது. அதன் பிறகு யாரும் சிரிக்கவில்லை. செக்ரட்டரி நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"மூணு வருஷம்ணே," என்றாள். "நான் என் கையால எழுதிப் போட்டேன்."

பச்சை குத்தியவன் தோளைப் பார்த்துக்கொண்டான். "அப்போ இது யாரு கை?"

"அவர் சம்சாரத்தோட கை."

"அந்த அம்மா அன்னிக்கு முழுக்க இங்கதானே உட்கார்ந்திருந்தாங்க? நாம அவங்ககிட்ட ஒரு வார்த்தைகூடப் பேசலையே," என்றான் அவன். அதற்குப் பிறகு ஹாலில் தலைகுனிந்தது அவர் ஒருவர் மட்டும் இல்லை. ஆனால் அது அவருக்கு ஆறுதலாகவும் இல்லை.

யாரும் அவரை வராதே என்று சொல்லவில்லை. திட்டவும் இல்லை. அடுத்த மாதமும் வரச்சொல்லிச் செய்தி வந்தது. அவர் போகவில்லை. மச்சானிடம் போய்ச் சொன்னார். மச்சான் விழுந்து விழுந்து சிரித்தது தனிக் கொடுமை. கடையில் மறுபடியும் இரண்டு கேள்வி மனிதராக ஆனார்.

மழைக்காலம் முடிந்த பிறகு ஒரு காலை செக்ரட்டரி கடைக்கு வந்தாள். கண்ணாடியில் மூக்கின்மேல் பதியும் நோஸ் பேட் ஒரு பக்கம் விழுந்துவிட்டிருந்தது. அவர் வாங்கி வெளிச்சத்தில் பார்த்தார்.

"போன மாசம் அந்த அம்மாவுக்குன்னு ஒரு கூட்டம் வெச்சோம்," என்றாள் அவள். "மூணு படத்துலயும் அவங்க தைச்ச துணியெல்லாம் பத்திப் பேசினோம். அந்த முழுக்கைச் சட்டையும் அவங்க தைச்சதுதானாம். கொண்டுவந்து காட்டினாங்க."

அவர் டப்பாவைத் திறந்து சின்ன திருகாணி ஒன்றை எடுத்தார். "சார் வந்தாரா?"

"வந்தார். முன்வரிசையிலதான் உட்கார்ந்திருந்தார். நாங்க அம்மாவோட கைன்னு சொல்லும்போதெல்லாம், பக்கத்துல இருக்கிறவங்ககிட்ட, 'இல்லை, இவங்களுக்குத் தெரியலை, அது ஒரு கண்ணாடிக் கடைப் பையனோட கை'ன்னு சொல்லிக்கிட்டே இருந்தார்."

திருகாணி விரலிலிருந்து நழுவி மேஜையில் விழுந்து உருண்டது. அவர் அதைத் தேடி எடுத்தார்.

"அம்மா என்ன சொன்னாங்க?"

"ஒண்ணும் சொல்லலை. 'ஆமா ஆமா'ன்னு தலையாட்டிக்கிட்டிருந்தாங்க. அவர் கத்தாம இருக்கணும்ல."

அவர் நோஸ் பேடைப் பொருத்தித் திருகினார். மென்துணியால் லென்ஸைத் துடைத்தார், வேண்டியதைவிட அதிக நேரம். பிறகு முன்பக்கம் வந்து அவள் முகத்தில் கண்ணாடியை மாட்டி, ஒரு சாண் தூரத்தில் நின்று பார்த்தார். அவள் அவரைப் பார்த்தாள். அவர் கண்ணாடியை மட்டும் பார்த்தார். வலது பக்கம் ஒரு மயிரளவு தாழ்ந்திருந்தது. கழற்றி, கம்பியைச் சூடுகாட்டி, வளைத்து, மறுபடி மாட்டினார்.

"வலிக்குதா?"

"இல்லை," என்றாள் அவள்.